எஞ்சின் ஆறும்வரை

எஞ்சின் ஆற இன்னும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்று சொல்லிவிட்டு இக்பால் சாப்பிடப் போய்விட்டார், செண்பகவல்லி மட்டும் விமானங்களைப் பழுது பார்க்கிற ஹாங்கருக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ராட்சதக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பாதி வழியாக மீனம்பாக்கத்துப் பகல் வெயில் சிமெண்ட் தரையில் நீளமாகப் படுத்திருக்க, வெயில் முடிகிற இடத்தில் விமானம் நின்றது. காலையில் கொச்சியிலிருந்து வந்து இறங்கியது. இடது இறக்கைக்கு அடியில் எஞ்சின் மூடிகள் இரண்டையும் தூக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இவ்வளவு குழாய் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பார்வையாளர்களுக்குக் கொடுக்கிற ஆரஞ்சு மேல்சட்டை கழுத்தில் உரச, ஒரு குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்; அது வளைந்து இன்னொன்றின் அடியில் புகுந்து காணாமல் போயிற்று, வேறொன்றைப் பிடித்தாள், அதுவும் போயிற்று. ஆறு வருஷமாக எஞ்சின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. தரமணியில் ஒரு சின்னக் கம்பெனி. ஒரு விமான எஞ்சின் இனி எத்தனை பறப்பு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்கிற, எண்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிற கணினி நிரலை, டீப் லேர்னிங் மாடலை அங்கே அவள்தான் கட்டி வளர்த்தாள். ஆனால் எஞ்சினை நேரில் பார்ப்பது இன்றைக்குத்தான். வேலைக்கு எடுத்தபோதுகூட யாரும் கேட்கவில்லை, நீ ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா என்று. அவளுக்குத் தெரிந்த எஞ்சின் எண்களால் ஆனது: பின்னால் வெளியேறும் வாயுவின் வெப்பம், எரிபொருள் போகிற வேகம், தண்டு சுழல்கிற வேகம், அதிர்வு, அழுத்தம், வரிசை வரிசையாக. அந்த எண்களுக்கு வாசனை கிடையாது. இங்கே மண்ணெண்ணெயும் சூடான உலோகமும் கலந்து மூக்கில் ஏறியது. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி வாசலைக் கடக்கும்போது அடிக்கிற மருந்து வாடைக்கு இது ஏதோ தூரத்துச் சொந்தம் என்று பட்டது, அப்படிப் பட்டதே வேடிக்கையாக இருந்தது. உலோகம் ஆறும்போது நடுநடுவே டிக் என்று ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குள் நின்றுவிடும். ஆறுகிற சத்தம் எண்ணாக வருமா? வராது. எஞ்சினை அணைத்ததும் பதிவு நின்றுபோகும். அப்படியானால் இது சூடாகி ஓடுகிற கதை மட்டும்தான் அவளிடம் இருக்கிறது, ஆறுகிற கதை அவளிடம் இல்லவே இல்லை.

முப்பத்தெட்டு. இந்த எஞ்சினுக்கு மிச்சமிருக்கும் பறப்பு என்று மாடல் நேற்றுச் சொன்னது அந்த எண்ணைத்தான். இந்த விமானம் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறது, ஆக பத்து நாள்கூட இல்லை. விமான நிறுவனத்தின் கணக்கிலோ இது இன்னும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஓட வேண்டிய எஞ்சின். பராமரிப்புத் தலைவர் தேவசகாயம் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், சரிம்மா, திறந்து பார்த்துடலாம், நீங்களும் வாங்க என்றார். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அதுதான் அவளுக்குப் பயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாடல் இப்படித்தான் வேறொரு எஞ்சினைக் காட்டிக் கொடுத்தது. விமானத்தை நிறுத்தி, பயணிகளை வேறு விமானத்துக்கு மாற்றி, திறந்து பார்த்தால் வெப்பத்தை அளக்கிற சென்சாரின் கம்பி ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் திட்டவில்லை. அந்தக் கம்பியைப் படம் எடுத்து அனுப்பினார், கூட ஒரு வார்த்தைகூட எழுதாமல். மாடலை விமான நிறுவனம் பரீட்சித்துப் பார்க்கிற காலம் இது, இன்னொரு கம்பியைத் தாங்காது. ஆனாலும் இப்போது மனசைக் குடைவது அதுகூட இல்லை. குடைவது அந்தக் காலைப் பறப்புகள். எண்ணைச் சொல்லும்போது எந்தெந்தப் பறப்புகளை அதிகம் கவனித்தேன் என்று மாடல் காட்டும், அவளே வைத்த பகுதி அது, அதற்குக் கவனம் என்றே பெயர். இந்த எஞ்சினில் அது கவனித்ததெல்லாம் அன்றன்றைக்கு முதல் பறப்பை. விடிகாலைப் பறப்பை மட்டும். மத்தியானத்துப் பறப்புகளைப் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்? அவள் கோடு போட்டுப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், வெப்பம் ஒரு மயிரிழை கூடுதல், எரிபொருள் ஒரு மயிரிழை கூடுதல், கண்ணை மூடினால் மறந்துபோகிற அளவு. காலையில் அப்படி என்ன? காலையில் எஞ்சினுக்கு என்ன ஆகிறது? தூங்கி எழுந்த மனுஷன் முகம் போல எஞ்சினுக்கும் காலையில் ஒரு முகம் இருக்குமா? மாடலைக் கேட்க முடியாது. அது சுட்டிக்காட்டும், சொல்லாது. பேச்சு வராத குழந்தை அலமாரியைக் காட்டி அழுகிற மாதிரி, எதைக் கேட்கிறது, டப்பாவையா, பொம்மையையா, அலமாரியையேவா, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அது படித்ததும் நிஜ எஞ்சின்களிடம் இல்லை, முக்கால்வாசி. நிஜ எஞ்சின் எதையும் சாகும்வரை யாரும் ஓட விடுவதில்லை, விடவும் கூடாது, அதனால் சாவைச் சொல்லிக் கொடுக்க நிஜத்தில் பாடம் கிடையாது. கணினிக்குள் எஞ்சின்களைச் செய்தார்கள். இல்லாத எஞ்சின்கள். இல்லாத வானத்தில் பறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு நாள் நின்றுபோகும். அந்தச் சாவுகளை வரிசையாக வைத்து மாடலுக்குப் பாடம் எடுத்தாள். சேர்ந்த புதிதில் அவற்றில் சிலவற்றின் மேல் அவளுக்குப் பிரியம்கூட இருந்தது. ஒன்று எல்லாவற்றையும் விட நெடுநாள் ஓடியது, கடைசிவரை மாடலை ஏமாற்றிக்கொண்டே. பாடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரோக்கியமாக ஓடுகிற காலத்தில் மிச்சம் எவ்வளவு என்று மாடலிடம் கேட்பதில்லை. முந்நூறு பறப்பு மிச்சமிருந்தாலும் இருநூறு மிச்சமிருந்தாலும் விடை ஒன்றே, நிறைய. நோயே வராத உடம்பில் நோயைத் தேடச் சொன்னால் மாடல் குழம்பிப் போகும். எங்கேயோ ஓரிடத்தில் கோடு முழங்கால் மாதிரி மடங்கும், அங்கிருந்துதான் எண்ணிக்கை. அந்த மடங்கலை எங்கே வைப்பது என்பது மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். சிதம்பரநாதனோடு பேசிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் மடங்கியது எங்கே? இந்தக் கேள்வி இங்கே எதற்கு வந்தது என்று செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள், யாரும் கவனிக்கவில்லை, தூரத்தில் ஒரு ஆள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவர்களுக்கு நிச்சயம் ஆகிக் கல்யாணத்துக்கு நாள் இருந்தது. சிதம்பரநாதன் தூத்துக்குடி துறைமுகத்தில் மின்பொறியாளர், நல்ல மாதிரி, தினமும் ராத்திரி போன் பண்ணுவான். முதல் கேள்வி சாப்பிட்டியா. அவள் சொல்வாள், தோசை, தேங்காய்ச் சட்னி, நேற்று அரைத்தது, லேசாகப் புளித்துவிட்டது. அவன் சட்னியைப் பற்றி ஏதாவது கேட்பான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் சாப்பிட்டியா என்று கேட்டான், அவள் சொன்னாள், கால் மணி நேரம் கழித்து மறுபடி சாப்பிட்டியா என்று கேட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அவனுடைய 'ம்'களைக் கேட்க ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே விழுகிற ம். வாரத்துக்கு வாரம் அது கூடியது போல இருந்தது. ஒரு மயிரிழை.

முன்னதாகச் சொன்னால் சின்னத் தண்டனை, பிந்திச் சொன்னால் பெரிய தண்டனை. மாடலுக்கு மதிப்பெண் போடுகிற முறையே அப்படி, அதில் தப்பும் இல்லை. எஞ்சினைச் சீக்கிரம் கழற்றினால் பணம்தான் நட்டம், தாமதமாகக் கழற்றினால் நூற்றைம்பது பேர் மேலே இருப்பார்கள். அப்படி மதிப்பெண் வாங்கி வளர்ந்த மாடல் கொஞ்சம் பயந்த சுபாவமாகத்தான் இருக்கும். யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தது என்று அவளுக்குச் சில சமயம் சந்தேகம். ரயிலுக்கு முக்கால் மணி முன்னதாகப் போய் நிற்கிறவள் அவள்; பால் திரிந்துபோகுமோ என்று முதல் நாளே கொட்டிவிடுகிறவள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பேச்சு அப்படியே காதில் இருக்கிறது.

"அவன் என்னதாம்ட்டி செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"பெறகு?"

"செய்யப்போறான்னு தோணுது."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், ம் கூடிவிட்டது என்றா? நாலு வருஷம் ஆயிற்று. வருத்தமா என்றால் அப்படியும் சொல்ல முடியாது, அது ஆறாத விஷயமாக இருப்பது வேறு காரணத்தால்: அவள் கணித்தது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. கழற்றிவிட்ட எஞ்சின் எப்போது நின்றுபோயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கணிப்பை நம்பிக் கையை நீட்டினால் அந்தக் கையே சாட்சியை அழித்துவிடுகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கோவில்பட்டி ஸ்டேஷனில் சிதம்பரநாதனைப் பார்த்தாள், மனைவியோடு. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்க அவன் நின்றபடி வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். ரயில் வருகிற அறிவிப்பைக்கூட அவன் கவனிக்கவில்லை. நடைபாலத்தின் மேலிருந்து அவள் அதையே பார்த்தாள், வெகுநேரம், பொறாமை இல்லாமல், ஆய்வுக்கூடத்தில் பார்க்கிற மாதிரி. ஆக, கேட்கத் தெரிந்தவன்தானா? ஆனால் அது சாட்சி ஆகாது. அதே எஞ்சின், வேறு பாதை, வேறு உயரம், வேறு காற்று. வேறு ஓட்டுநர், என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டோடு இன்னொன்றும் வந்தது, அதைத் தள்ளிவிட முடியவில்லை: உள்ளே ஏதாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். ஒரு விரிசல், ஒரு கருகல். நல்ல எஞ்சினாக இருக்கட்டும் என்று நினைக்க வேண்டிய இடத்தில் மனசு கெட்டதைத் தேடிப் போய் நிற்கிறது. சீ என்று இருந்தது. டாக்டர்களுக்கு இப்படி வருமா? வருமாக இருக்கும், சொல்ல மாட்டார்கள். டிக் என்றது எஞ்சின். இந்தத் தடவை இடம் தெரிந்தது மாதிரி இருந்தது, பின்பக்கம், கீழே.

இக்பால் கை துடைத்துக்கொண்டு வந்தார், பின்னாலேயே தேவசகாயமும். இக்பால் இந்த வேலைக்கென்றே உரிமம் வாங்கிய பொறியாளர். போரோஸ்கோப் என்பது அவர் கையில் கறுப்புப் பாம்பு மாதிரி சுருண்டிருந்தது, முனையில் விளக்கும் கேமராவும், டாக்டர்கள் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற குழாய் மாதிரிதான். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன அடைப்பைத் திருகி எடுத்து அதற்குள் அதை விட்டார். நாற்காலியை விட்டு எழுந்து செண்பகவல்லி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதலில் இருட்டு, பிறகு மங்கலாகச் சாம்பல் நிறம், பிறகு திடீரென்று, எரிந்த வாயு சுழற்றுகிற டர்பைனின் பிளேடு ஒன்று, விரல் நீளம்கூட இருக்காது, ஓரமெல்லாம் ஊசித் துளைகள். அந்தத் துளைகள் எதற்கு என்று அவள் கேட்க, குளிர் காத்து வெளியே வர்றதுக்கு மேடம், இல்லாட்டி உருகிடும் என்றார் இக்பால். அவர் உதவியாள் தண்டைக் கையால் மெல்லச் சுழற்ற, பிளேடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறி வந்து நின்று போயின. நல்லது. நல்லது. இதுவும் நல்லது. ஒரு கட்டத்தில் அவள் எதையும் தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்துவிட்டாள், இந்த மூலையில்தான் அந்த வெப்பம் முழுக்க இருந்ததா, அவளிடம் ஒரு எண்ணாக வந்தது இந்த ஊசித் துளைகளைத் தடவிக்கொண்டு போன நெருப்பா. சுற்று முடிந்தது. பிளேடு எல்லாம் சுத்தம். தேவசகாயத்தின் கை சட்டைப்பையில் போனைத் தொட்டது, அந்தக் கம்பிப் படம் எங்கோ அதற்குள் இருக்கும். ஆனால் பயம் முழுசாக வருவதற்குள் கேள்வி முந்திக்கொண்டது. காலையில். ஏன் காலையில். அவள் அதை அப்படியே இக்பாலிடம் கேட்டாள்: மாடல் முதல் பறப்பை மட்டும்தான் கவனிக்கிறது, காலையில் மட்டும் வேறுமாதிரி இருக்கிற பாகம் எஞ்சினில் எதுவாவது உண்டா? இக்பால் கேமராவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். எரிபொருளைத் தெளிக்கிற நாசில்கள் இருக்கின்றன, எஞ்சினை அணைத்ததும் அந்தச் சூட்டில் மிச்ச எரிபொருள் முனையில் காய்ந்து கரியாக ஒட்டும், ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் கிளம்பும்போது தெளிப்பு சரியாக விழாமல் போகலாம், ஓடி ஓடிச் சூடானதும் சரியாகிவிடலாம், இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். தெளிப்பு கோணினால் நெருப்பு ஒரே பக்கமாக அடிக்கும். சுழல்கிற பிளேடு எல்லா நெருப்பையும் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் அதில் தெரியாது. அதற்கு முன்னால் அசையாமல் நிற்கிற தகடுகள் வாங்கிக்கொண்டே நிற்கும். இன்றைய வேலைச் சீட்டில் பிளேடு மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று அவர் தேவசகாயத்தைப் பார்த்தார். பாருங்க என்றார் தேவசகாயம்.

இன்னொரு அடைப்பைக் கழற்றினார்கள். கேமரா இந்தத் தடவை நெருப்பு எரிகிற அறைக்குள்ளேயே போனது. அசையாத தகடுகள் ஒரு வட்டமாக, கொஞ்சம் வெளுத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்று. இக்பால் பொறுமையாக வட்டத்தைச் சுற்றி வந்தார். கீழ்ப்பக்கம் வந்ததும் அவரே நின்றார். ஒரு தகட்டின் ஓரத்தில் மேற்பூச்சு உதிர்ந்து, நடுவில் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி நீலமும் பழுப்புமாக வளையம். மழை நாளில் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் தெரிகிற நிறங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது என்று முதலில் அதுதான் தோன்றியது அவளுக்கு, வெற்றி என்று தோன்றவில்லை. இந்த ஓட்டைதான் அந்த மயிரிழையா? இவ்வளவு சின்னதை, இவ்வளவு தூரத்திலிருந்து, ஓட்டை என்றால் என்னவென்றே தெரியாத ஒன்று, எப்படி? இக்பால் திரையிலேயே கோடு போட்டு அளந்தார். பராமரிப்புப் புத்தகம் அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருந்தது.

தேவசகாயம் அவள் பக்கம் திரும்பினார். "புத்தகப்படி நூறு பறப்புக்கு அப்புறம் மறுபடி பார்த்தா போதும். உங்க மாடல் முப்பத்தெட்டுங்குது. கழட்டணும்னு நீங்க சொன்னா கழட்டிடுறேன். சொல்லுங்கம்மா."

கழட்டிடுங்க சார். வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, எப்போதும் வருகிற வார்த்தை, சின்னத் தண்டனை, யாரும் குறை சொல்ல முடியாது. வந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அவள் வேறொன்றைக் கேட்டாள். "நாசில்தான் காரணம்னா, அந்த ஓட்டைக்கு நேரா இருக்கறதை மட்டும் மாத்த முடியாதா?"

"மாத்தலாமே," என்றார் இக்பால். "எஞ்சினைக் கழட்ட வேண்டாம். இப்படியே வச்சு மாத்திடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

மாற்றினால் முப்பத்தெட்டு என்ன ஆகும்? அவளுக்குத் தெரியவில்லை, மாடலுக்கும் தெரியாது. இத்தனை வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அந்த இல்லாத எஞ்சின்களை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. யாரும் எதையும் மாற்றவில்லை, துடைக்கவில்லை, திருகவில்லை. தனியாக ஓடித் தனியாக நின்றுபோயின, அத்தனையும். அந்தச் சாவுகளைப் படித்து வளர்ந்த மாடலுக்கு, ஒன்று ஓடும் அல்லது கழற்றப்படும். நடுவில் ஒரு ஆள் கையை விட்டு எதையாவது சரிசெய்வான் என்பது அதன் உலகத்திலேயே கிடையாது. இப்பத்தானே சொன்னேன் சாப்பிட்டேன்னு, காதுல விழலையா, என்று அன்றைக்குப் போனில் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவன், அய்யோ, வேலை ஞாபகத்துல இருந்துட்டேன் என்றிருப்பானோ, வேறு ஏதாவது சொல்லியிருப்பானோ. தெரியாது. அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருந்தது, வலி அவ்வளவாக இல்லை, ஆச்சரியம்தான். தேவசகாயம் காத்துக்கொண்டிருந்தார். நாசிலை மாற்றிவிட்டுப் பறக்கட்டும், பத்துப் பறப்பு முடிந்ததும் மறுபடி திறந்து ஓட்டையை அளக்கலாம், வளர்ந்திருந்தால் அன்றைக்கே கழற்றிவிடலாம், அவளும் வந்துவிடுவாள் என்றாள். புத்தகம் கேட்பதைவிடக் கடுமைதான் அது, அவர் தலையாட்டினார்.

"வளரலைன்னா உங்க மாடல் தப்புன்னு ஆயிடுமேம்மா," என்றார்.

"நாசில் மாத்தினதால வளரலையா, இல்ல மாடலே தப்பான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல சார். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அவர் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். பெரிய முடிவாக அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, புது நாசில் ஸ்டோர்ஸில் இருக்கிறதா என்று யாரையோ போனில் கேட்டுக்கொண்டே வெயிலுக்குள் நடந்து போனார். இருந்தது. அது வந்து சேர்ந்தபோது ஒரு சின்ன அட்டைப் பெட்டி, அதற்குள் உறையில் கட்டைவிரல் பருமனில் பளபளவென்று ஒரு பொருள், இவ்வளவுதானா என்று இருந்தது. கம்பெனியிலிருந்து போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், இன்னும் ஆகவில்லை. இக்பால் கையுறையை மாட்டிக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் குனிந்து, குழாய்களுக்கு நடுவே கையை விட்டார். முழங்கைவரை உள்ளே போயிற்று. அவர் முகம் வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது, விரல்கள் உள்ளே எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தன, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில். என்ன தட்டுப்படுகிறது, எப்படித் தெரிகிறது, எந்த மறை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்க வேண்டியது நிறைய இருந்தது. செண்பகவல்லி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.